வலப்பக்கம் சூடாகவில்லை

ஜூன் 3, செவ்வாய்

அண்ணனின் மடிக்கணினிக்கு இடப்பக்கம் மட்டும்தான் சூடாகிறது. அவன் விளையாடி எழுந்ததும் மேசையைத் துடைக்கப் போனேன். இடப்பக்கத் துவாரத்தில் தோசை வார்க்கலாம். வலப்பக்கத்தில் கை வைத்தால் சும்மா இருந்த பாத்திரம் மாதிரி சில்லென்று இருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்த மடிக்கணினியைப் பற்றிப் பேச ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை. கோகுலகண்ணன், என் அண்ணன், பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு. சென்னையில் யாரோ பயன்படுத்தி அலுத்துப்போய் விற்றதை வாங்கி வந்தான். தூக்கினால் அம்மிக்கல். திருநகரில் உள்ள எல்லோரிடமும் அவன் சொல்லிவிட்டான்: "ரெண்டு கிராபிக்ஸ் கார்டு மாப்ள. மதுரையிலயே எவன்கிட்டயும் கெடையாது." பால்காரரிடமும் சொன்னான். அவர், "அப்ப ஒரு லிட்டரா தம்பி?" என்று கேட்டார்.

ஜூன் 4, புதன்

தண்ணீர் பிடித்தேன், துணி துவைத்தேன், கத்தரிக்காய் புளிக்குழம்பு. வலப்பக்கம் இன்றும் சூடாகவில்லை.

ஜூன் 7, சனி

கேட்டுவிட்டேன். காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து, சாப்பாடு போடும்போது கேட்டேன்.

"அண்ணே, ரெண்டு கார்டுல ஒண்ணு ஓடலையோ?"

"ஒனக்கு என்னத்தடி தெரியும்? அது கூலிங். வலது பக்கம் கூலிங் சூப்பரா இருக்கு."

"ஆட்டம் திக்கித் திக்கி ஓடுதே."

"அது நெட்டு. மோரை ஊத்து."

மோரை ஊற்றினேன். அவன் ஆடுகிற ஆட்டத்துக்கு 'நைட் ஃபோர்ட்' என்று பெயர். ஒரு கோட்டைக்குள் ஓடி, எதிரில் வருகிறவனைச் சுட வேண்டும். அண்ணன் ஓடுவான். எதிரில் வருகிறவன் சுடுவான்.

ஜூன் 11, புதன்

அம்மா ஜவுளிக்கடைக்கு, அப்பா பேருந்துக்கு (கண்டக்டர்), அண்ணன் கல்லூரிக்கு. பகலில் வீட்டில் நான் மட்டும்தான். நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள். ஆங்கில வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார். நான் எழுந்து நிற்பேன். அதற்கு மேல் எதுவும் நடக்காது. வருடம் முழுக்க நின்றேன். பிறகு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மடிக்கணினியைத் துடைப்பதற்காகத்தான் திறந்தேன். துடைக்கும்போது எப்படியோ ஆன் ஆகிவிட்டது.

கார்டுகளை ஓட்டுகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயராம். அதற்குள் ஆட்டங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும், இந்த ஆட்டம் வந்தால் இரண்டு கார்டும் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பு. அதைப் புரொஃபைல் என்கிறார்கள். ஒரு படத்தை இது வரைந்தால் அடுத்த படத்தை அது வரைய வேண்டும். பெரிய கம்பெனி ஆட்டங்களுக்கெல்லாம் குறிப்பு இருக்கிறது. 'நைட் ஃபோர்ட்' பெயரே இல்லை. பெயர் இல்லாவிட்டால் ஒரு கார்டு மாங்கு மாங்கென்று உழைக்கும், இன்னொன்று சும்மா இருக்கும்.

எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இந்த வீட்டில்தானே வளர்ந்தேன்.

ஜூன் 12, வியாழன்

டிரைவர் ஆட்டத்தைத் திறந்தெல்லாம் பார்ப்பதில்லையாம். ஆட்டத்தின் கோப்புக்கு என்ன பெயர் என்று மட்டும்தான் பார்க்கிறது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்ததைக் கைபேசியில் தமிழாக்கிப் படித்தேன். கோப்புக்கு வேறு ஆட்டத்தின் பெயரை வைத்தால், டிரைவர் அதற்குரிய புரொஃபைலைக் கொடுத்துவிடும்.

கால்பந்து ஆட்டத்தின் பெயரை வைத்துப் பார்த்தேன். கோட்டையே பச்சையாகிவிட்டது. கார் பந்தயத்தின் பெயரை வைத்தேன். எல்லோருக்கும் உடம்பு இருந்தது, தலை விட்டு விட்டு வந்தது. பயந்து அணைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன். அரிசி குழைந்துவிட்டது. அப்பா, "என்ன நெனப்புல வடிச்ச?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

'ஸ்டீல் டெல்டா' என்று ஒரு பழைய போர் ஆட்டம். அந்தப் பெயரை வைத்ததும் வலப்பக்கம் சீறிக்கொண்டு கிளம்பியது. ஆட்டம் எண்ணெய் விட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் சமமாகச் சூடு. ஓடுகிறதா என்று சோதிக்க ஓர் ஆட்டம் ஆடினேன். சோதனைதான். ஒரு முறை சோதித்தால் போதாது என்று கைபேசியில் போட்டிருந்தது. சரியாக எத்தனை முறை என்று போடவில்லை. அதனால் அம்மா வரும்வரை சோதித்தேன்.

அண்ணனின் கணக்கில் அவன் ரேங்க் எப்படியோ ஏறியிருக்கிறது. காற்று திசை மாறியிருக்கலாம்.

இரவு சாப்பாட்டில் அவன் சொன்னான், "அம்மா, எனக்கு ரேங்க் ஏறிருச்சு. நேத்து ஒரு புது டெக்னிக் போட்டேன்ல, அது இப்பத்தான் வேலை செய்யுது."

அம்மா என்னைப் பார்த்தார். "புள்ள கண்ணு செவந்து போற அளவுக்கு ஒழைக்குது. ஒரு முட்டை பொரிச்சு வையிடி."

பொரித்து வைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் மதியமே வந்துவிட்டான். கல்லூரியில் யாரோ இறந்து விடுமுறை. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அதாவது, கோட்டையின் மேல்மாடியில் இரண்டு பேரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதவருகில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் தெருக்கதவைச் சாத்திவிட்டு மெதுவாக வந்து உட்கார்ந்தான்.

"இதெல்லாம் நீ ஆடுனதா?"

தலையாட்டினேன்.

"எத்தன நாளா?"

விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடு. எவன்கிட்டயும் சொல்லாத. 'வைகை கோப்பை'ன்னு ஒரு போட்டி வருது. மாசக் கடைசில யாரு ரேங்க் மேல இருக்கோ அவன் உள்ள போவான். நீ என்ன பண்ற, பகல்ல நாலஞ்சு ஆட்டம் ஆடிரு. நான் சாயங்காலம் பாத்துக்கிறேன்."

"சாயங்காலம் நீ ஆடுனா எறங்குது அண்ணே."

இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்பது அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"அப்ப சாயங்காலம் ஆடல. நான் பிளான் போடுறேன், நீ ஆடு."

இன்றிலிருந்து என் வேலைகள்: தண்ணீர், பாத்திரம், துணி, சமையல், அண்ணனின் ரேங்க். ஐந்தாவது வேலைக்குத்தான் காலையில் சீக்கிரம் விழிப்பு வருகிறது. அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணனின் சிநேகிதன் ஆசிக் வந்திருந்தான். அவனும் அதே ஆட்டம் ஆடுகிறவன். நேற்று பகலில் எதிரணியில் அவன்தான் இருந்தானாம். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய் மாப்ள, நேத்து நீ கிளாஸுக்கு வரலையா? பகல்ல ஆடுற. என்னை மூணு தடவ தூக்கிட்டடா."

"அப்பப்ப கட் அடிக்கிறதுதான்."

"அது கெடக்கட்டும். புகை குண்டு போட்டுட்டு நடுவுல நின்னேன்டா. எனக்கே என் கை தெரியல. நீ எப்புடிடா நேரா நெத்தியில அடிச்ச?"

"அனுபவம் மாப்ள," என்றான் அண்ணன். "புகையை மனசால பாக்கணும்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. எந்தப் புகை? நான் ஆடிய எந்த ஆட்டத்திலும் புகையே இருந்ததில்லை. சில பேர் திறந்தவெளியில் அசையாமல் நிற்பார்கள். பாவம், புத்தி இல்லாதவர்கள் என்று நினைத்துச் சுட்டேன்.

ஜூன் 25, புதன்

கோப்புக்குப் பழைய பெயரை வைத்து ஒரு முறை ஆடிப் பார்த்தேன். புகை இருக்கிறது. கூரை வரைக்கும் இருக்கிறது. 'ஸ்டீல் டெல்டா' பெயரில் அந்தப் புகையை இரண்டு கார்டும் வரைவதில்லை, அது வரையும் என்று இதுவும், இது வரையும் என்று அதுவும் விட்டுவிடுகின்றன போல.

புகை வரைவது என் வேலை இல்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை. மாலைக்குள் மறுபடியும் பெயரை மாற்றி வைத்துவிட்டேன். திக்கித் திக்கி ஓடினால் அண்ணன் திட்டுவான் என்பதுதான் காரணம்.

ஜூன் 28, சனி

அண்ணன் வைகை கோப்பைக்குள் போய்விட்டான். போனது யார் என்பதை எழுதவில்லை.

போட்டி நடத்துகிறவர்கள் ஒரு செயலியை அனுப்பி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேகமாகப் போட்டான். அது இரண்டு நிமிடம் சுற்றியது. பிறகு திரை முழுக்கச் சிவப்பு. ஆட்டக் கோப்பின் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, மோசடி என்று சந்தேகிக்கிறோம், கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது.

"கோப்புப் பேரை எவன் மாத்துனான்?"

நான் அறையை விட்டு வெளியே போய்க் கொடியில் காயாத துணிகளை எடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். புகையைத் தவிர. அண்ணன் திட்டவில்லை. வெகுநேரம் யோசித்தான். நடந்தது அவனுக்குப் புரிந்தது: மோசடி இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், பெயரை மாற்றியதும் ஆடியதும் தங்கை என்று சொல்ல வேண்டும்.

இன்று அவன் கல்லூரியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், தான் ஹேக் பண்ணியதால் தடை போட்டுவிட்டார்கள் என்று. பையன்கள் தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்களாம். ஒருவன் காலைத் தொட்டானாம்.

"மோசடி பண்ணவன்னு சொன்னா பரவாயில்லையா அண்ணே?"

"தங்கச்சி ஆடிக் கொடுத்தான்னு சொல்றதுக்கு இது எவ்வளவோ தேவலை."

ஜூலை 2, புதன்

அப்பாவின் பேருந்தில் ஏறிய ஒரு பையன், "அண்ணே, ஒங்க மகன் பெரிய ஹேக்கராமே?" என்று கேட்டு, மரியாதையாக எழுந்து நின்று டிக்கெட் வாங்கியிருக்கிறான். அப்பா மிச்ச டிரிப்பை எப்படி முடித்தாரோ தெரியாது.

"போலீஸ் வருமாடா?" என்றார் அம்மா.

"வராதும்மா. இது வேற."

"வேறன்னா சிபிசிஐடியா?"

அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ரெண்டு கார்டு, ரெண்டு கார்டுன்னு ஊரெல்லாம் சொன்ன. ரெண்டுல ஒண்ணாவது உருப்படியா எதையும் பண்ணுச்சா? ஞாயித்துக்கெழம வாங்குறதுக்கு ஆளு வர்றான். தூக்கிக் கொடுத்துட்டு வேற வேலயப் பாரு."

அண்ணன் ஏதோ முனகினான். அவ்வளவுதான். அவனுக்கு ஹேக்கர் பட்டம் கிடைத்துவிட்டது, பெட்டி எதற்கு?

நான் சாப்பிடவில்லை. மேசையை இன்னொரு முறை துடைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

போட்டிக் குழுவிலிருந்து ரெபேக்கா என்பவர் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை மாலை வீடியோவில் வந்து காரணம் சொல்ல வேண்டும், கோப்பின் உண்மைப் பெயரிலேயே ஓர் ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும், அதற்கு மட்டும் கணக்கைத் திறந்துவிடுவார்கள், வராவிட்டால் நிரந்தரத் தடை.

அண்ணன் வேண்டாம் என்றான். நான் அந்தக் கடிதத்தைத் தாளில் எழுதி அவன் தலையணை மேல் வைத்தேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

"என்னடி வேணும் ஒனக்கு?"

"தடையை எடுத்துட்டா அப்பா விக்க மாட்டாருல்ல?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அப்ப நீ போய்ப் பேசு."

நான் பேசுவதாக இருந்தால் பத்தாம் வகுப்புக்கே போயிருப்பேனே. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

முடிவாகிவிட்டது. அவன் பேசுவான், நான் ஆடுவேன்.

ஜூலை 5, சனி

ஏற்பாடு இப்படி: கேமராவுக்கு முன்னால் அண்ணன், தலை சீவி, பவுடர் போட்டு. மேசைக்குக் கீழே தரையில் நான், தனி விசைப்பலகையோடும் மவுஸோடும். நான் பார்ப்பதற்காக மடிக்கணினியைச் சுவரில் இருந்த டிவியோடு இணைத்திருந்தோம். அம்மாவுக்கு இன்று விடுப்பு. சீரியல் ஓட வேண்டிய நேரத்தில் கோட்டை தெரிந்ததால், என்ன நடக்கிறது என்று பார்க்கக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரெபேக்கா அக்கா திரையின் ஒரு மூலையில் தெரிந்தார், சின்ன வயதுதான், கண்ணாடி போட்டிருந்தார். "வணக்கம் கோகுல். கோப்போட பேரை ஏன் மாத்துனீங்க?"

"வைரஸ் மேடம்."

"வைரஸ் வந்து 'ஸ்டீல் டெல்டா'ன்னு பேரு வெச்சுதா?"

"ரொம்ப மோசமான வைரஸ் மேடம்."

"சரி, ஆடுங்க. பாக்குறேன்."

உண்மைப் பெயரில், ஒரே கார்டில், திக்கித் திக்கிப் போனது. புகை வேறு. இரண்டு முறை செத்தேன். பிறகு புகைக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, காலடிச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினேன். ஒருவனை அடித்தேன். படிக்கட்டில் இன்னொருவனை.

"அடி ஆத்தி, சுடுறது நீயா?" என்றார் அம்மா கட்டிலிலிருந்து.

"அம்மா, சும்மா இரு," என்று அண்ணன் பல்லைக் கடித்தான். வியர்த்தது போல. கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். இரண்டு கையாலும்.

நான் மூன்றாவது ஆளை அடித்தேன்.

"கோகுல்," என்றார் ரெபேக்கா அக்கா, "உங்க ரெண்டு கையும் தலையில இருக்கு."

அண்ணன் கையை இறக்கவில்லை. "ஆட்டோ மோட் மேடம்."

"அப்படி ஒரு மோட் கெடையாது. யாரு ஆடுறது? சொல்லுங்க, இல்லன்னா நான் கட் பண்ணிட்டுத் தடையை உறுதி பண்றேன்."

அண்ணன் பேச வேண்டிய இடம் அது. அவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் ரெபேக்கா அக்காவின் விரல் எதையோ அழுத்தப் போனது.

நான் எழுந்தேன். மேசை விளிம்பில் தலை இடித்தது, நல்ல சத்தம். கேமராவில் முதலில் என் உச்சந்தலைதான் தெரிந்திருக்கும்.

"நான்தான்க்கா. அங்காள ஈஸ்வரி. தங்கச்சி. பேரை நான்தான் மாத்துனேன். பழைய பேர்ல ஒரு கார்டுதான் ஓடும். ரெண்டும் ஓடணும்னு மாத்துனேன்." நிறுத்தினால் வருடம் முழுக்க நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. "அந்தப் பேர்ல புகை வராது. மொதல்ல எனக்குத் தெரியாது. அப்பறம் தெரியும். தெரிஞ்சும் ஆடுனேன்."

"எந்தப் புகைடி?" என்றான் அண்ணன்.

ரெபேக்கா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "அப்ப அந்தக் கணக்குல வாங்குன புள்ளி எதுவும் செல்லாது. கணக்கே செல்லாது. இவரு பேர்ல நீ ஆடுனதும் தப்புதான்."

"சரிக்கா."

"இப்ப ஆடுனது புகையோடதான?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த சுற்றுக்கான பதிவு நாளைக்கு சாயங்காலம் முடியுது. ஒன் சொந்தப் பேர்ல, உண்மையான கோப்புல, அடியில இருந்து ஆரம்பிக்கணும். முடியுமா?"

முடியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு இதை வித்துருவாங்கக்கா," என்றுதான் வந்தது.

அதற்கு அவர் என்ன செய்வார்? "வீட்டுல பேசும்மா," என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அப்பா வந்ததும் அம்மா சொல்லத் தொடங்கினார். "ஏங்க, இவ இன்னைக்குப் பேசுனாங்க." அப்பா, "யாரு, ஈசுவா? காய்ச்சலா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விற்பனை மாறவில்லை. இன்று அம்மா இரண்டு முட்டை பொரித்தார். அண்ணனுக்கு ஒன்று. இன்னொன்றைக் கொஞ்ச நேரம் கரண்டியில் வைத்திருந்து, அதையும் அவனுக்கே வைத்துவிட்டார். பழக்கம்.

ஜூலை 6, ஞாயிறு

வாங்க வந்தவர் பழங்காநத்தத்தில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறவர். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டா இருக்கே," என்றார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு அண்ணன் தலையசைத்தான். அப்பா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். நான் காபி கொண்டு போனேன்.

"ரெண்டு கார்டும் நல்லா ஓடுதா தம்பி?"

"பறக்கும்ணே," என்றான் அண்ணன்.

"எல்லா சாப்ட்வேர்லயும்?"

"எதைப் போட்டாலும்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்றேன். தட்டு காலியானதும் உள்ளே போவதுதான் என் வழக்கம். அப்பா என்னைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"ஓடாது," என்றேன்.

வந்தவர் நிமிர்ந்தார்.

"எதைப் போட்டாலும் ஓடாது. டிரைவருக்குள்ள பேரு இருக்கிற ஆட்டத்துக்குத்தான் ரெண்டு கார்டும் ஓடும். பேரு இல்லாததுக்கு ஒண்ணுதான். பேரை மாத்தி வெச்சு ஏமாத்தலாம், ஆனா படத்துல ஏதாவது காணாமப் போயிரும். நீங்க கல்யாண வீடியோ பண்ணுவீங்கள்ல? இதுக்குப் புது டிரைவரும் வர்றதில்ல."

"மாப்பிள்ளை காணாமப் போயிருவாரா?" என்று அவர் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "பாப்பா சொல்றது நெசமா தம்பி?"

அண்ணன் கூரையைப் பார்த்தான். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் காபியை முடித்து, அப்பாவின் கையைக் குலுக்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்த ஆளைத் தொரத்தவா இத்தன வருசமா வாய மூடிக்கிட்டு இருந்த?"

நான் மேசையிலிருந்து மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பதிவுப் பக்கத்தைத் திறந்தேன்.